மதுரைவீரனும் பொம்மியும் – கதைக்குள் உறையும் வரலாறு

முறுக்கிய மீசை, ஓங்கிய வாள், இடையில் கச்சை, இருபுறமும் இரண்டு பெண்கள். இக்கோலத்தில் நிற்கும் மதுரைவீரன் சிலையைக் காணாத தமிழ்ச் சிற்றூர் அரிது. கடல் கடந்து தோட்டக் கூலிகளாய்ச் சென்ற நம்மவர் மலேசியாவிலும் இரியூனியன் தீவிலும்கூட அவனை மறவாது கொண்டு சென்று வைத்தனர். ஆயினும், அவ்விரு பெண்கள் யாவர் என்று நம் இளைஞர் ஒருவரை நிறுத்திக் கேட்டால், "வீரனின் மனைவியர்" என்ற அளவில் விடை நின்றுவிடுகிறது. அவர்களுள் ஒருத்தி பாளையக்காரர் வீட்டுப் பெண் என்பதும், அவளைக் காவல் காக்க அமர்த்தப்பட்ட ஏவலாளின் மகனே அவளைக் கைப்பிடித்தவன் என்பதும், அந்தக் கைப்பிடித்தலுக்காக ஒரு போரே நிகழ்ந்தது என்பதும் பலர் நினைவில் இல்லை.

வெள்ளிவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என மலர்க்குழுவினர் கேட்டபோது, அரசர் பெயரும் ஆண்டும் நிரம்பிய பொருள் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றே முதலில் எண்ணினேன். பின்னர், நம் குலத்தவர் தம் வீட்டுத் திண்ணையிலேயே வைத்திருக்கும் வரலாற்றை விட்டு அயல்வீட்டு வரலாற்றைத் தேடுவானேன் என்ற எண்ணம் மேலிட்டது. ஆகவே மதுரைவீரன்–பொம்மி காதலையே ஈண்டு ஆராயப் புகுகின்றேன். பக்தியால் வழிபடுவோர் மனம் நோக எழுதுவது என் கருத்தன்று. வழிபடுவோனும் ஆராயலாம், ஆராய்ந்தவனும் வழிபடலாம்.

முதலில் கதையைச் சுருங்கச் சொல்லிவிடுகின்றேன். வீரனை நமக்கு அறிமுகம் செய்வது கதைப்பாடல். உடுக்கை அடித்துப் பாடுவோர் வாயிலும், கூத்து மேடையிலும் நெடுங்காலம் வாழ்ந்து, பின்னர்ச் 'பெரிய எழுத்து'ப் புத்தகமாக அச்சேறிச் சந்தையிலும் திருவிழாக் கடைகளிலும் விற்பனையானது. அதன்படி, காசியை ஆண்ட மன்னனுக்கு நெடுநாள் பிள்ளையில்லாதிருந்து ஆண் மகவு பிறந்தது. கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை நாட்டுக்கு ஆகாது எனச் சோதிடர் கூறவே, மன்னன் அதனைக் காட்டில் விடச் செய்தான். அவ்வழி வந்த சின்னான் என்பவனும் அவன் மனைவியும் அக்குழந்தையை எடுத்து வளர்த்தனர். சின்னான், அக்காலத்து வழக்கில் சக்கிலியர் என அழைக்கப்பட்ட குலத்தினன். அருந்ததியர் என்ற பெயரே இன்று மதிப்புக்குரியது; 2009-ஆம் ஆண்டில் தமிழக அரசு இயற்றிய உள் ஒதுக்கீட்டுச் சட்டமும் அப்பெயரையே தாங்கி வந்தது. பழைய சொல்லை இவ்விடத்தில் எழுதக் காரணம், கதை அச்சொல்லாலேயே நடக்கிறது என்பதுதான்.

சின்னான் பொம்மண நாயக்கர் என்னும் பாளையக்காரரிடம் காவல் வேலையில் அமர்ந்தான். நாயக்கரின் மகள் பொம்மி பூப்பெய்தினாள். ஊருக்கு அப்பால் குச்சு கட்டி அவளை அதில் வைத்தனர். அந்தக் குச்சுக்கு இரவுக் காவல் சின்னானுடையது. ஒரு நாள் அடைமழை. முதியவன் போக இயலாத நிலையில் மகன் அவனுக்குப் பதிலாகக் காவலுக்குப் போனான். அங்கே அரும்பிய காதல், இருவரும் ஊரை நீங்கிச் செல்வதில் முடிந்தது. நாயக்கர் படையுடன் துரத்தினார், சண்டையில் மாண்டார். பின்னர் வீரன் திருச்சியை அடைந்து அங்கு ஆண்ட விசயரங்க சொக்கலிங்கத்திடம் படைவீரனாகச் சேர்ந்தான். மதுரையில் திருமலை நாயக்கருக்கு அழகர்மலைக் கள்ளரை அடக்கப் படையுதவி தேவைப்பட்டது. வீரன் அனுப்பப்பட்டான், வென்றான். அரண்மனையைச் சார்ந்த வெள்ளையம்மாளை நேசித்து, ஓர் இரவில் அவளை அழைத்துச் செல்லும்போது கள்வன் எனப் பிடிபட்டு மாறுகால் மாறுகை வாங்கப்பட்டான். மீனாட்சியம்மையின் அருளால் இழந்த உறுப்புகளைப் பெற்றும், விதி முடிந்தது எனத் தன் கழுத்தைத் தானே அரிந்து மாண்டான். பொம்மியும் வெள்ளையம்மாளும் உடன் மாய்ந்தனர்.

இக்கதை வரலாறா என்று கேட்போர்க்கு, அரசர் பெயர்களே முதல் தடையாக நிற்கும். திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டவர். கதை விசயரங்க சொக்கலிங்கம் எனக் குறிக்கும் விசயரங்க சொக்கநாதரோ 1706 முதல் 1732 வரை ஆண்டவர். முன்னவரின் மகன் முத்துவீரப்பர். அவர் மகன் சொக்கநாதர். அவர் மகன் அரங்ககிருஷ்ண முத்துவீரப்பர். அவருக்கும் அரசி மங்கம்மாளின் ஆட்சிக்கும் பிறகு வந்தவரே விசயரங்கர். கதையோ, ஐந்தாம் தலைமுறைப் பேரனிடமிருந்து பாட்டனுக்குப் படையுதவி அனுப்பி வைக்கிறது! அன்றியும் மதுரையும் திருச்சியும் ஒரே நாயக்க அரசின் இரு நகரங்கள். தலைநகர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியதுண்டே அன்றி, இருவேறு அரசர் ஒருவருக்கொருவர் ஓலை விடுத்துக்கொள்ளும் நிலை திருமலையார் காலத்தில் இல்லை.

இதைக் கண்டதும் "கட்டுக்கதை" எனப் புத்தகத்தை மூடிவிடுவோர் உளர். அது அவசரம். அரண்மனைக்குள் யார் எப்போது முடிசூடினார் என்பது குச்சுக்காவல் காத்தவனுக்குத் தேவையற்ற செய்தி. திருமலை நாயக்கர் மகாலும் திருவிழாவும் கண்ட மக்களுக்குத் 'திருமலை' என்பது மதுரைக்கு மறுபெயர். விசயரங்கர் திருச்சியிலிருந்து ஆண்டவர். திருவரங்கம் கோயிலில் அவர் தம் குடும்பத்துடன் நிற்கும் தந்தச் சிலைகளை இன்றும் காணலாம். எனவே அவர் பெயர் திருச்சிக்கு அடையாளமாயிற்று. பாடியவர்கள் நினைவில் நின்ற இரு பெரும் பெயர்களை இரு ஊர்களுக்கும் இட்டனர், அவ்வளவே. அரசர் வரிசையில் பிழை செய்தவர்கள் தம் வாழ்க்கையைச் சொல்வதில் பிழை செய்தார்களா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அக்கேள்விக்கு விடை அந்தக் குச்சில் இருக்கிறது. கதையின் உயிர்நிலை அதுவே என்பதால் சற்று விரிவாக நோக்குவோம்.

நாயக்கர் ஆட்சியில் நாடு பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது. விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் எழுபத்திரண்டு பாளையங்களை ஏற்படுத்தினர் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. பாளையக்காரர்களுள் கம்பளத்தார் எனவும் தொட்டிய நாயக்கர் எனவும் கூறப்படும் தெலுங்கு மொழியினர் பலர். அருந்ததியருள் பெரும்பகுதியினர் இன்றும் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவதை நாம் அறிவோம். படைக்குச் சேணமும் கேடயத்துக்குத் தோலும் செய்து தந்தவர்கள், படை நின்ற பிறகு கமலைக் கிணற்றுக்குத் தோற்சாலும் உழவனுக்குச் செருப்பும் தைத்தனர். தோலின்றிக் கமலை இறைக்க இயலாது. கமலையின்றிப் புன்செய் விளையாது. அந்தத் தோலைத் தொட்டு நீரிறைத்து உண்டவர்கள், தோல் தைத்தவனைத் தொடலாகாது என்றனர். இம்முரண்பாட்டை எவ்வளவு காலம் சிந்தித்தாலும் எனக்கு வியப்புத் தீர்ந்தபாடில்லை.

இந்த உறவில் காவலும் ஒரு கூறு. பிரான்சிசு என்னும் ஆங்கில அதிகாரி எழுதி 1906-இல் வெளிவந்த மதுரை மாவட்டக் கெசட்டியரும், 1909-இல் எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலும், தொட்டிய நாயக்கர் வீட்டுப் பெண் பூப்பெய்தினால் அவள் தனிக் குடிலில் வைக்கப்படுவாள் என்றும், அக்குடிலுக்குச் சக்கிலியர் ஒருவர் காவலிருப்பார் என்றும் குறிக்கின்றன. அதிகாரிகளாய் வந்த அந்நூலாசிரியர்களுக்கு இது ஒரு வினோத வழக்கம். நமக்கோ இது கதைப்பாடலுக்குக் கிடைத்த ஒரு சாட்சி. பாடலாசிரியன் தன் கற்பனையால் குச்சுக்காவலைப் படைக்கவில்லை. நடைமுறையில் இருந்த ஒன்றையே எடுத்துக் காதலுக்குக் களமாக்கினான்.

எண்ணிப் பாருங்கள். பூப்பெய்திய பெண் தீட்டுக்குரியவள். வீட்டார் அவளை அணுகார். காவலாளோ பிறப்பாலேயே தீட்டுக்குரியவன் எனக் கருதப்பட்டவன். ஆகையால் அவனுக்குத் தீட்டில்லை. அவனை ஆடவன் என்று எண்ணியிருந்தால் தம் மகளுக்கு இரவுக் காவலாக வைத்திருப்பார்களா? கதவும் தாழும் எப்படியோ, அப்படியே அவனையும் கருதினர். மனிதனாக மதிக்காத ஒருவனிடம் அச்சம் கொள்ளத் தேவையில்லை என்பதே அவ்வழக்கத்தின் அடியில் கிடக்கும் எண்ணம். வீரன் செய்தது யாது? தான் ஓர் இளைஞன் என்பதையும், உள்ளே இருப்பவள் ஓர் இளம்பெண் என்பதையும் அந்த மழையிரவில் மெய்ப்பித்தான். பொம்மி செய்தது அதனினும் பெரிது. அவனை மனிதன் என்று அந்தப் பாளையத்தில் முதன்முதல் கண்டவள் அவள்.

பொம்மியைப் பற்றி நம் சொற்பொழிவாளர்கள் அதிகம் பேசுவதில்லை. 'வீரனை மயங்கி நின்ற பேதை' என்பதாகவே அவளைக் காட்டுவர். நான் அவ்வாறு கருதவில்லை. பாளையக்காரர் மகளுக்குத் திருமணம் என்பது நிலத்தோடும் படையோடும் சேர்ந்த உடன்படிக்கை. யார் வீட்டுக்கு அவள் போக வேண்டும் என்பதைத் தந்தையும் பங்காளிகளும் தீர்மானிப்பர். தீட்டுக் கழிந்து வீடு திரும்பியதும் அந்த ஏற்பாடு தொடங்கிவிடும். வாழ்நாளில் அவள் தன்னந்தனியாய் இருந்த காலமும், தனக்கென ஒரு சொல் சொல்லக் கிடைத்த காலமும் அந்தக் குச்சில் கழிந்த நாட்களே. அந்நாட்களை அவள் வீணாக்கவில்லை. நகையும் நிலமும் ஏவலரும் உள்ள வீட்டைவிட்டுச் சின்னான் மகன் பின்னே நடந்தாள். துரத்தி வந்த தந்தை அவன் வாளுக்கே இரையானார். அதன் பின்னும் அவனோடு வாழ்ந்தாள். தந்தையின் சாவுக்கு அவள் அழுதிருக்க மாட்டாளா? அழுதிருப்பாள். அழுகையோடு சேர்த்தே அவள் துணிவை அளக்க வேண்டும்.

இத்தகைய துணிவுக்கு இன்றும் விலை குறைந்துவிடவில்லை. 2016-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில், கலப்புமணம் புரிந்த ஒடுக்கப்பட்ட சமூகத்து இளைஞர் ஒருவர் வெட்டி வீழ்த்தப்பட்டதை நாடே கண்டது; அவர் மனைவியும் வெட்டுப்பட்டு உயிர் தப்பினார். பொம்மண நாயக்கரின் படை பாளையங்களோடு கலைந்துவிட்டது என்று நம்புவோர் அந்நாளை நினைவிற் கொள்வாராக.

இனிப் பிறப்பு பற்றிய செய்திக்கு வருவோம். நம் இளைஞர்களிடையே இது குறித்து வாதம் நிகழ்வதைப் பலமுறை கேட்டிருக்கின்றேன். "வீரன் நம்மவனா, காசிராசன் மகனா?" என்பதே அவ்வாதம்.

அச்சுப் புத்தகம் அவனைக் காசிராசன் மகன் என்கிறது. 1956-இல் எம். ஜி. இராமச்சந்திரன் வீரனாகவும், பானுமதி பொம்மியாகவும், பத்மினி வெள்ளையம்மாளாகவும் நடிக்க, கண்ணதாசன் எழுத்தில் வெளிவந்த திரைப்படமும் அப்பிறப்பையே வைத்துக்கொண்டது. வளர்த்த பெற்றோராக என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் தோன்றினர், சிரிப்பும் அன்பும் அவர்களுக்கு, அரசக் குருதி கதைத் தலைவனுக்கு எனப் பங்கிட்டாயிற்று. படம் பெருவெற்றி பெற்றது. நம் சேரிகளில் அப்படத்தைப் பார்க்காதவர் இல்லை எனலாம். திரையில் தம் வீட்டுப் பிள்ளை வாளேந்துவதைக் கண்டு மகிழ்ந்தவர்கள், அவன் தம் வீட்டுப் பிள்ளை அல்லன் என்று அதே திரை சொன்னதையும் கேட்டுக்கொண்டு வந்தனர்.

நம் சமுதாயத்தில் வாய்வழி வழங்கும் செய்தி வேறு. வீரன் சின்னானுக்கே பிறந்த மகன். காசிக்கதை பின்னால் ஒட்டியது என்பது அது. இவற்றுள் எது முந்தியது என்பதற்குக் கதையின் அமைப்பே ஒரு குறிப்பைத் தருகிறது. காசிராசன் மகன் என்னும் செய்தி யாருக்குப் பயன்படுகிறது என்று பாருங்கள். பொம்மி காதலித்தது காவலாள் சின்னானின் மகனை. பொம்மண நாயக்கர் படை திரட்டியது காவலாளின் மகனை வெட்ட. அவன் அரசகுமாரன் என்பதால் நாயக்கர் சினம் தணியவும் இல்லை. பொம்மியின் அன்பு கூடவும் இல்லை. கதைக்குள் வாழ்வோர்க்கு அச்செய்தி ஒன்றும் செய்வதில்லை. கதையைக் கேட்கும் மேல்சாதியாருக்கு மட்டுமே அது தேவைப்படுகிறது. "அஞ்ச வேண்டா, பாளையக்காரர் மகளைத் தொட்டவன் உண்மையில் ஓர் அரசகுமாரனே" என்று அது அவர்களுக்கு ஆறுதல் கூறுகிறது.

இது தனித்த நிகழ்ச்சியன்று. நெல்லைச் சீமையில் வழங்கும் முத்துப்பட்டன் கதையை நோக்குக. அதில் நிலைமை தலைகீழ். முத்துப்பட்டன் அந்தணன், பொம்மக்கா, திம்மக்கா என்னும் உடன்பிறந்த இருவர் வாலப்பகடை என்னும் அருந்ததியரின் மக்கள். பொதிகை அடிவாரத்தில் அவர்கள் பாடியதைக் கேட்டு மயங்கிய பட்டன் மணம் கேட்டான். நம் வீட்டுப் பெரியவர் உடனே தலையாட்டி விடவில்லை; அந்த இடம் எனக்கு மிகவும் உவப்பானது. பூணூலை அறுத்தெறி, குடுமியைக் களை, தோலைப் பதனிட்டுச் செருப்புத் தைத்துக் காட்டு, அதன் பிறகு பெண் தருகிறேன் என்றார் வாலப்பகடை. பட்டனும் அவ்வாறே செய்து மணந்தான். மணம் முடித்த சில பொழுதிலேயே மாமனாரின் கிடைமாட்டைக் கவர வந்தவர்களோடு பொருது மாண்டான். பாபநாசத்துக்கு மேலே காட்டினுள் உள்ள சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயன் என்ற பெயரில் அவனுக்குச் சந்நிதி உண்டு. நேர்ந்துகொள்வோர் அங்குச் செருப்பைக் காணிக்கையாகச் செலுத்துகின்றனர். தோல் தைத்துப் பெண் கொண்டவனுக்கு ஏற்ற காணிக்கை!

இக்கதையைப் பதிப்பித்து ஆராய்ந்தவர் பேராசிரியர் நா. வானமாமலை. மதுரைப் பல்கலைக்கழகம் எழுபதுகளின் தொடக்கத்தில் வெளியிட்ட அவருடைய கதைப்பாடல் பதிப்புகள் நம் சங்க நூலகத்தில் இருக்கத் தக்கவை. முத்துப்பட்டன் கதையின் பிற்கால வடிவங்களில் பொம்மக்காவும் திம்மக்காவும் அந்தணர் குலத்தில் பிறந்து, காட்டில் கிடந்து, வாலப்பகடையால் எடுத்து வளர்க்கப்பட்டவர்களாக மாற்றப்பட்டுவிட்டனர். காசிராசன் பிள்ளையை எடுத்த அதே காடு! காத்தவராயன் கதையிலும் இதே போக்கு. அந்தணப் பெண் ஆரியமாலையை விரும்பியதற்காகக் கழுவேறியவன் அவன். அவனைச் சிவனுக்கும் பார்வதிக்கும் மகனாக்கிச் சாபத்தால் சேரியில் வளர்ந்தவன் என்று கதை சொல்கிறது. மூன்று கதையிலும் காதல் சாதியைக் கடக்கிறது. மூன்றிலும் பிறப்புப் பற்றிய செய்தி வந்து, கடந்த கோட்டை மீண்டும் வரைகிறது. ஒரு கதையில் நேர்ந்தால் தற்செயல் எனலாம். மூன்றிலும் நேர்ந்ததைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆயினும் திருத்தியவர்களால் ஒன்றை மட்டும் அழிக்க முடியவில்லை. சின்னானும் அவன் மனைவியும் அப்பிள்ளையைத் தூக்கி வந்ததை அவர்களால் நீக்க இயலவில்லை. பெற்ற மன்னன் சோதிடன் சொல்லுக்கு அஞ்சிப் பிள்ளையைக் காட்டில் எறிந்தான். தோல் தைப்பவன் எடுத்து மார்போடு அணைத்தான். திருத்திய வடிவத்தைக்கூட இவ்வாறு படிக்கலாம். நம் ஊர்களில் உடுக்கையடிப் பாட்டுப் பாடும் முதியவர்கள் இன்னும் சிலர் உளர். அவர்கள் வீரனின் பிறப்பை எப்படிப் பாடுகின்றனர் என்று, அச்சுப் புத்தகத்தைக் காட்டாமல், அப்படியே பதிவு செய்து வைக்கும் பணியை நம் மாணவர்கள் இவ்வாண்டிலேயே தொடங்கலாம். செலவு அதிகமில்லை, பொறுமைதான் வேண்டும்.

வீரனின் பிற்பகுதி வாழ்க்கையில் எனக்கு முழு மனநிறைவு இல்லை என்பதையும் மறைக்காமல் கூறிவிடுகின்றேன். திருமலை நாயக்கர் அவனை ஏவியது அழகர்மலைக் கள்ளர் மேல். அவர்களும் தம் நாட்டில் காவல் உரிமை கொண்டாடியவர்கள். அரசுக்கு வரி கட்ட மறுத்தவர்கள். ஒரு காவற்காரனைக் கொண்டு மற்றொரு காவற்காரனை அடக்குவது அரசர்க்கு எக்காலமும் கைவந்த கலை. வென்று தந்த வீரனுக்குப் பட்டமும் பரிசும் கிடைத்தன. ஆனால் அரண்மனைப் பெண் ஒருத்தியை அவன் நெருங்கியவுடன், அவன் வென்ற போரெல்லாம் மறந்துபோயின. இருளில் யார் என்று விசாரிக்கக்கூட இல்லை. கள்ளன் என்றனர், மாறுகால் மாறுகை வாங்கினர். அறியாது செய்த பிழை என்று மன்னன் பின்னர் வருந்தியதாகப் பாடல் சொல்லும். பாடல் அரசன் மேல் இரக்கம் காட்டுகிறது; நான் காட்டவில்லை.

வெள்ளையம்மாளின் வருகையால் பொம்மிக்கு நேர்ந்த துயரைப் பாடல் விரைந்து கடந்துவிடுகிறது. தந்தையையும் வீட்டையும் இழந்து வந்தவளுக்குப் பங்காளி ஒருத்தியைக் கொணர்ந்தது வீரனுக்குப் பெருமையன்று. இருவரும் இறுதியில் அவனோடு மாய்ந்ததைக் கற்பின் சிறப்பாகப் போற்றும் வழக்கத்தையும் நம் பெண்மக்கள் கேள்வி கேட்க வேண்டும். குச்சிலிருந்து தானே முடிவெடுத்து வெளியேறியவளை, கதை முடிவில் தீக்குள் அனுப்பாமல் முடிக்க அக்காலத்துப் பாடகர்க்குத் தெரியவில்லை.

இனி வீரன் நிற்கும் இடம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கீழைக் கோபுர வாயிலை ஒட்டி அவனுக்குச் சிறு சந்நிதி உண்டு. அம்மையின் வாயிலைக் காக்கும் பணி அவனுக்கு அளிக்கப்பட்டதாகக் கதை கூறும். சின்னான் பாளையக்காரர் மகளின் குச்சைக் காத்தான். அவன் மகன் அரசியின் கோயிலைக் காக்கிறான். காவல் குலத்தொழிலாகத் தொடர்ந்தது. உள்ளே செல்லும் உரிமை தொடரவில்லை. வாயிலில் நின்ற தெய்வத்துக்குக் கோழியும் சாராயமும் படைத்துக் கும்பிட்ட அருந்ததியரும் பிற ஒடுக்கப்பட்ட மக்களும், அத்தெய்வம் காத்து நின்ற வாயிலைத் தாண்டி ஓரடி வைக்க முடியாதவர்களாய்த் தலைமுறை தலைமுறையாகக் கோபுரத்தை அண்ணாந்து நோக்கித் திரும்பினர்.

1939-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8-ஆம் நாள், மதுரை அ. வைத்தியநாத அய்யர் தலைமையில், ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் ஐவரும் நாடார் ஒருவரும் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தனர். பின்னாளில் தமிழக அமைச்சராக விளங்கிய பி. கக்கன் அவர்களுள் ஒருவர். எதிர்ப்பு எழுந்தது, வழக்குத் தொடுத்தனர், நுழைந்தவர்களையும் நுழையவிட்டவர்களையும் காக்க அவ்வாண்டிலேயே அன்றைய சென்னை அரசு சட்டம் இயற்ற நேர்ந்தது. திருமலை நாயக்கர் மறைந்து இருநூற்றெண்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

என் பாட்டனார் அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக அக்கோயிலுக்குச் சென்றவர். அம்மன் சந்நிதியை முதலில் கண்டீர்களா, சுவாமி சந்நிதியை முதலில் கண்டீர்களா என்று சிறுவனாயிருந்த நான் கேட்டேன். வழக்கமாகக் கும்பிடும் இடத்தில், வீரனின் முன்னே, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றதாகவும், "அப்பச்சி, இன்றைக்கு உள்ளே போய் வருகிறேன்" என்று அவனிடம் சொல்லிக்கொண்டு போனதாகவும் கூறினார்.